உங்கள் பச்சோந்தி எந்த இனம்? கேள்வி பதில்

கேள்வி: பச்சை உடம்பு, மஞ்சள் பட்டைகள். என்ன இனம் அண்ணா?

பதில்: நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குளிர், கோபம், தூக்கம், சினை என்று எதற்கும் நிறம் மாறும். தலை, தாடை, பின்னங்கால் மூன்றும் தெரியும்படி பக்கவாட்டில் படம் எடுங்கள். தலையில் கொண்டை நிமிர்ந்து, தாடைக்குக் கீழே கூரான செதில்கள் வரிசையாகத் தொங்கினால், பெரும்பாலும் அது ஏமன், சவுதி அரேபியாவைச் சேர்ந்த வெயில்டு கமீலியன். குட்டிக்குக் கொண்டை சிறியதாகத்தான் இருக்கும்.

கேள்வி: வெயில்டுதான், மூன்று மாதக் குட்டி. ஆணா பெண்ணா?

பதில்: பின்னங்காலின் பின்பக்கம், குதிகால் இருக்க வேண்டிய இடத்தைப் பாருங்கள். சின்னச் சதைமுள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். முட்டையிலிருந்து வெளிவரும்போதே அது இருக்கும். இல்லையென்றால் பெண்.

பெண் என்றால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆணோடு சேராமலே முட்டை வைக்கும். ஐந்தாறு மாதத்திலேயே தொடங்கிவிடலாம். தோண்டுவதற்கு ஒரு அடி ஆழத்தில் ஈர மணல் தொட்டி இப்போதே வையுங்கள். இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிர் போய்விடும். தீனியைத் தொடாமல், கிளையை விட்டு இறங்கி மூலை மூலையாகப் பிறாண்டுகிறதா? முட்டையிட இடம் தேடுகிறது. அந்த நேரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், பாதியில் விட்டுவிடும்.

கேள்வி: பேந்தர் கமீலியன், அம்பிலோபே வகை என்று சொல்லிப் பெண் குட்டி கொடுத்தார்கள். நம்பலாமா?

பதில்: அம்பிலோபே, அம்பாஞ்சா, நோசி பே எல்லாம் மடகாஸ்கரின் இடப்பெயர்கள். ஆண்களுக்குத்தான் இடத்துக்கு இடம் நிறம் வேறு. பெண்கள் எங்கிருந்து வந்தாலும் பழுப்போ வெளிர் ஆரஞ்சோதான், பார்த்து எந்த வகை என்று சொல்ல முடியாது. தாய் தகப்பன் யார் என்ற விவரமும், தகப்பன் படமும் கேளுங்கள்.

கேள்வி: முகத்தில் மூன்று கொம்பு இருக்கிறது சார்.

பதில்: செல்லமாக வளர்ப்பதென்றால் அநேகமாக ஜாக்சன் கமீலியன். கென்யா, தான்சானியா மலைப்பகுதிக்காரர். முட்டையிடாமல் குட்டி போடும் இனம். வெயில்டுக்கு வைக்கும் சூடு இதற்கு ஆகாது. இரவில் நன்றாகக் குளிர்ந்தாக வேண்டும்.

கேள்வி: என்னுடையது கண்ணாடியில் ஏறுகிறது. விரல்கள் ஐந்தும் தனித்தனி.

பதில்: அப்படியென்றால் பச்சோந்தியே இல்லை. பச்சோந்தியின் விரல்கள் ஒட்டி, இரண்டு கட்டாகப் பிரிந்திருக்கும்: முன்னங்காலில் உள்ளே மூன்று, வெளியே இரண்டு, பின்னங்காலில் இது தலைகீழ். பச்சை அனோல் என்ற பல்லியை 'அமெரிக்கன் கமீலியன்' என்று விற்பதுண்டு. படம் அனுப்புங்கள், பார்க்கிறேன்.

கேள்வி: விரல் நீளம்தான், பழுப்பு, குட்டை வால். வளரவே மாட்டேன் என்கிறது.

பதில்: வளர்ந்து முடிந்த பிக்மியாக, அதாவது குட்டை இனப் பச்சோந்தியாக இருக்கலாம். தாடையில் தாடி மாதிரிச் செதில்கள் இருந்தால் தாடி பிக்மி, அது சுமார் 8 செ.மீ.தான் வரும். காட்டில் தரையோரம், சருகுக்கு நடுவே வாழ்வது. சூட்டு விளக்கு வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.