அதிகச் சம்பளமா, பிடித்த வேலையா? ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா,

புள்ளியியல் பட்டம் முடித்த கையோடு உங்கள் மகளுக்கு இரண்டு வேலைகள் கிடைத்திருப்பது மகிழ்ச்சி. முதலீட்டு நிறுவனம் தரும் சம்பளம், பொதுச் சுகாதார ஆய்வுக் குழு தருவதைப் போல இரண்டரை மடங்கு. மகளோ ஆய்வுக் குழுவுக்குத்தான் போவேன் என்கிறார். "ஒரு அளவுக்கு மேல் பணம் சந்தோஷம் தராது என்று ஆராய்ச்சியே சொல்கிறது" என்பது அவர் வாதம். "பணம் இல்லாமல் பட்ட பாடு உனக்குத் தெரியாது" என்பது உங்கள் வாதம். இந்தச் சண்டையில் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது, யார் சொல்வது சரி என்று நீங்களே சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சொல்கிறேன். முதலில் மகள் காட்டும் ஆராய்ச்சியைப் பார்த்துவிடுவோம். அது அவர் நினைப்பதைப் போல முடிந்துபோன கதை இல்லை.

அவர் படித்தது 2010-ல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். இருவருமே பொருளாதார நோபல் பெற்றவர்கள். அமெரிக்காவில் திரட்டிய நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்து அவர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒன்று, உங்கள் வாழ்க்கைக்குச் சுழியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்ற கேள்வி. இன்னொன்று, நேற்று சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா, சோகமாக இருந்தீர்களா என்ற கேள்வி. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டியதும், நேற்றைய மனநிலை அதற்கு மேல் உயரவில்லை. ஆனால் வாழ்க்கைக்குக் கொடுக்கும் மதிப்பெண் வருமானத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டேதான் இருந்தது. இதில் முதல் பாதி மட்டும்தான் உலகம் சுற்றியது. உங்கள் மகளிடம் வந்து சேர்ந்ததும் அதுதான்.

2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் வேறு வழியில் அளந்தார். வேலை செய்யும் முப்பத்து மூவாயிரம் பேரின் கைப்பேசிக்கு அவ்வப்போது ஒரு கேள்வி போகும்: இந்த நிமிடம் எப்படி உணர்கிறீர்கள்? இப்படிச் சேர்ந்த பதினேழு லட்சம் பதில்களில் 75,000 டாலரிலும் தேக்கம் இல்லை, அதற்கு மேலும் இல்லை. அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முரண்பட்ட முடிவுகளோடு நின்ற கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும், பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து தரவுகளை மீண்டும் அலசினார்கள். 2023-ல் வெளியான முடிவு இது: பெரும்பாலானவர்களுக்கு வருமானம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடுகிறது. மகிழ்ச்சி மிகக் குறைவாக உள்ள, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் ஒரு லட்சம் டாலர் வாக்கில் அந்த ஏற்றம் நின்றுவிடுகிறது. பிரிவு, மரணம், மனச்சோர்வு போன்ற துன்பங்களில் ஒரு கட்டத்துக்கு மேல் பணத்தால் எதுவும் செய்ய முடிவதில்லை போலும்.

ஆக, "ஒரு அளவுக்கு மேல் பணம் சந்தோஷம் தராது" என்ற வாதத்தை மகள் கைவிடத்தான் வேண்டும். நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம், இன்னும் இரண்டு விஷயங்கள் பாக்கி.

ஒன்று, இங்கே கூட்டல் கணக்கு இல்லை, மடங்குக் கணக்குதான். வருமானம் ஒன்று இரண்டாவதும், நான்கு எட்டாவதும் மனநிலையில் ஏறத்தாழ ஒரே அளவு மாற்றத்தைத்தான் காட்டுகின்றன. அதாவது மேலே போகப் போக, அதே ஒரு படி ஏறுவதற்கு இன்னும் இன்னும் அதிகப் பணம் வேண்டும். இரண்டு, அந்தப் படியின் உயரம். 2023 ஆய்விலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது: வருமானம் நான்கு மடங்காக இருப்பதால் அன்றாட மனநிலையில் வரும் வித்தியாசம், வேலை நாளுக்கும் வார விடுமுறைக்கும் உள்ள வித்தியாசத்தின் அளவுதான். ஒரு தலைவலி ஏற்படுத்தும் பாதிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நான்கு மடங்கு வருமானமே ஒரு வார விடுமுறைக்குச் சமம் என்றால், இரண்டரை மடங்குச் சம்பளத்துக்காக ஒருவர் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும் விட்டுக்கொடுத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்? முதலீட்டு நிறுவனத்தில் வேலை நேரம் என்ன என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சம்பளம் மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். நீங்கள் சொல்வதில் நான் மாற்ற விரும்பாத உண்மை ஒன்று உண்டு: பணத் தட்டுப்பாடு மனிதனை உள்ளிருந்தே அரிக்கும். நோய், மணமுறிவு, தனிமை ஆகியவற்றின் வலி வருமானம் குறைந்தவர்களுக்கு இன்னும் கடுமையாக இருக்கிறது என்று அதே 2010 ஆய்வு காட்டியது. 2013-ல் வெளியான இன்னொரு ஆய்வு தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாட்களிலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும், அதே விவசாயிகளுக்கு அதே மாதிரியான அறிவுத்திறன் சோதனைகளை வைத்தார்கள். பணம் வருவதற்கு முன் அவர்கள் தெளிவாகக் குறைவாகச் செய்தார்கள். அறிவு குறைந்துபோகவில்லை, கவலை அந்த அறிவின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருந்தது.

அதனால்தான் கடனில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளையிடம் போய் "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று நான் சொல்வதே இல்லை. கடன் தவணை தேதி நெருங்கும்போது அந்த வார்த்தையால் எந்தப் பயனும் இல்லை. உங்கள் மகளின் பெயரில் கல்விக் கடன் இருக்கிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை கடிதத்தின் முதல் வரியே அதுவாக இருந்திருக்க வேண்டும்.

ஏன் என்றால், பணம் எந்த வழியாக மகிழ்ச்சி தருகிறது என்பதையும் கில்லிங்ஸ்வொர்த் தேடிப் பார்த்தார். வருமானத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஒரே ஒரு உணர்வின் வழியாக விளங்கியது: என் வாழ்க்கை என் கையில் இருக்கிறது என்ற உணர்வு. பிடிக்காத வேலையை விட்டு விலக முடியும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு போட்டுவிட்டு ஓடிவர முடியும், வேண்டாத ஏற்பாட்டுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியும் என்ற தைரியம் அது. பணம் வாங்கித் தரும் பொருட்களில் மிக உயர்ந்தது இதுதான் என்று நானும் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு வேலைகளையும் இந்த ஒரு அளவுகோலால் அளந்து பாருங்கள். கடன் இருந்தால் வாழ்க்கையின் ஒரு பகுதி வங்கியின் கையில் இருக்கிறது. அதை மீட்கச் சம்பளம் வேண்டும், அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இரவு பத்து மணிக்கும் மேலதிகாரியின் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும், இலக்கு எட்டாத மாதம் பயத்தோடு கழிய வேண்டும், மூன்று வருடத்துக்கு வெளியேற முடியாதபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், சம்பளம் கொடுத்த சுதந்திரத்தை அந்த வேலையே திருப்பி எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மகள் பயப்படுவது நியாயமே.

சம்பளத்துக்கும் வேலைத் திருப்திக்கும் உள்ள தொடர்பு பற்றி டிமோதி ஜட்ஜும் அவரோடு சேர்ந்தவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியிட்டார்கள். ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைக் காட்டும் எண், 0.15. முழுத் தொடர்பு இருந்தால் அது 1. இது எவ்வளவு சிறியது என்பதை உங்கள் மகளே உங்களுக்கு விளக்குவார், அவர் படித்த படிப்பே அதுதானே. அந்தச் சாக்கிலாவது இருவரும் பேசிக்கொள்ளுங்கள். பயண நேரத்தையும் கேளுங்கள். ஜெர்மனியின் தரவுகளை வைத்து அலோயிஸ் ஸ்டுட்ஸர், புரூனோ ஃப்ரை இருவரும் பார்த்தபோது, வேலைக்குப் போய்வர அதிக நேரம் செலவழிப்பவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது. கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அதை ஈடுகட்டவில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது, வருத்தப்பட வேண்டாம். உறவினர் மகன் வாங்கும் சம்பளத்தை ஏன் எழுதினீர்கள்? அந்தப் பையனுக்கும் உங்கள் மகளின் முடிவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இது உங்கள் ஒருவர் பழக்கம் இல்லை, மனித இயல்பே அப்படித்தான் இருக்கிறது. 1998-ல் சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே இருவரும் ஒரு கேள்வி கேட்டார்கள்: மற்றவர்கள் 25,000 டாலர் வாங்கும் இடத்தில் நீங்கள் 50,000 வாங்குவீர்களா, அல்லது மற்றவர்கள் இரண்டு லட்சம் வாங்கும் இடத்தில் ஒரு லட்சம் வாங்குவீர்களா? பொருட்களின் விலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பதில் சொன்னவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்தில் இருப்பவனைவிட மேலே இருந்தால் போதும், கையில் பாதிதான் வந்தாலும் பரவாயில்லை என்று. இந்த ஓட்டத்தில் மகளை இறக்கிவிட்டால் எந்தச் சம்பளமும் அவருக்குப் போதாது, எப்போதும் ஒரு உறவினர் மகன் முன்னால் இருப்பான். அமெரிக்காவில் 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களிடம் பணம் எவ்வளவு முக்கியம் என்று அப்போதே கேட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து மறுபடி விசாரித்திருக்கிறார்கள். பணமே பெரிய குறி என்றிருந்தவர்களுக்கு வாழ்க்கைத் திருப்தி குறைவு. பின்னாளில் நன்றாகச் சம்பாதித்தவர்களிடம் அந்தக் குறை பெருமளவு கரைந்திருந்தது, குடும்ப வாழ்க்கையில் மட்டும் கரையவில்லை.

இனி மகளுக்குக் கொஞ்சம். இந்தப் பகுதியை அவரிடம் காட்டுங்கள்.

அம்மா, பொதுச் சுகாதாரத் தரவுகளில் வேலை செய்ய வேண்டும் என்ற உங்கள் விருப்பம் எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது. ஆனால் சம்பளம் குறைவு என்பதாலேயே ஒரு வேலை அர்த்தமுள்ளதாகிவிடாது. நல்ல நோக்கத்தைக் காட்டி ஊழியர்களைச் சக்கையாகப் பிழியும் இடங்களும் இருக்கின்றன. அந்தக் குழுவுக்கு நிதி எங்கிருந்து வருகிறது, எத்தனை வருடத்துக்கு வருகிறது என்று கேட்டீர்களா? திட்டம் முடிந்தால் உங்கள் வேலையும் முடியுமா? இது சின்ன விஷயம் இல்லை. ஆண்ட்ரூ கிளார்க்கும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும் 1994-லேயே பிரிட்டன் தரவுகளில் காட்டினார்கள்: வேலையற்றவர்களின் மன வேதனை வேலையில் இருப்பவர்களைவிட மிக அதிகம். சம்பள உயர்வு எப்போது, யார் முடிவு செய்வார்கள், இரண்டு வருடத்தில் கையில் என்ன திறன் இருக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம்.

சரி, முடிவுக்கு வருவோம். இந்த வாரம் இருவரும் ஒரு தாளோடு உட்காருங்கள். கல்விக் கடன் மொத்தம் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, வீட்டுக்கு மகள் எவ்வளவு தர வேண்டியிருக்கும், அவருடைய வாடகை, உணவு, பயணம், மருத்துவத்துக்கு எவ்வளவு, அவசரத்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும். வீட்டில் வேறு கடன் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள் ஐயா. பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று நீங்கள் மூடி வைத்த கணக்கின் மேல்தான் அவர் முடிவெடுக்கப் போகிறார்.

ஆய்வுக் குழுவின் சம்பளம் அத்தனையையும் தாங்கி, கொஞ்சம் மிச்சமும் வைக்கிறது என்றால், என் வாக்கு மகளுக்குத்தான். அந்த இடத்துக்கு மேல் வரும் கூடுதல் பணம் மகிழ்ச்சியைக் கூட்டும், ஆனால் பிடித்த வேலையையும் மாலை நேரத்தையும் இழப்பதற்கு ஈடாகக் கூட்டாது. தாங்கவில்லை என்றால் முதலீட்டு நிறுவனமே சரி, ஆனால் கடன் முடியும் மாதம் எது என்று இன்றே தேதி குறித்துக்கொண்டு போகட்டும். அந்தத் தேதி வரை வீட்டுச் செலவைச் சம்பளத்துக்கு ஏற்ப ஏற்றக் கூடாது. பெரிய வீடு, கார் கடன் என்று ஆரம்பித்தால் தேதி தள்ளிக்கொண்டே போகும், சுகாதாரத் துறைக்கான கதவும் மெல்லச் சாத்திக்கொள்ளும். இந்த இடத்தில் கட்டுப்பாடு காட்ட வேண்டியது மகள் மட்டும் இல்லை, நீங்களும்தான்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு நிறுவனங்களிலும் இப்போது வேலை செய்பவர் ஒருவரையும், விலகிப் போனவர் ஒருவரையும் மகள் தேடிப் பேசட்டும். நேற்று வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள், கடைசியாக எப்போது லீவு கேட்டீர்கள், கிடைத்ததா, விலகியவர் ஏன் விலகினார். நேர்காணலில் யாரும் சொல்லாத பதில்கள் இவர்களிடம்தான் கிடைக்கும். அதற்கு நாள் போதவில்லை என்றால், பதில் சொல்ல இன்னும் ஒரு வாரம் அவகாசம் வேண்டும் என்று இரண்டு இடத்துக்கும் இன்றே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்.