வெனிஸ்: 'சான் மார்க்கோ' விலாசம் சதுக்கத்தில் இல்லை

விடுதி விலாசம் 'சான் மார்க்கோ 3800 சொச்சம்' என்றிருக்க, சான் மார்க்கோ என்ற பெரிய சதுக்கத்தில் தேடிச் சுற்றியதாகச் சொன்னீர்கள். அந்த விலாசம் சதுக்கத்தில் இல்லை. சான் மார்க்கோ என்பது ஒரு பேட்டையின் (நகரப் பகுதியின்) பெயரும்கூட, அதற்குள் வேறொரு சந்தில் இருக்கிறது. வெனிஸில் மொத்தம் 6 பேட்டைகள். கதவிலக்கம் தெருவுக்குத் தெரு 1-லிருந்து தொடங்காது, பேட்டை முழுக்க ஒரே ஓட்டமாக ஆயிரக்கணக்கில் போகும்.

விடுதிக்காரரிடம் சந்தின் பெயரையும் பக்கத்துச் சதுக்கத்தின் (காம்போ) பெயரையும் கேட்டு வாங்குங்கள். மேப்பில் சந்துப் பெயரை மட்டும் போட்டால் மறுபடி சுற்றல்தான். 'கல்லே தெல் ஃபோர்னோ' என்ற பெயரில் சந்து பல பேட்டைகளில் உண்டு! பேட்டையையும் சேர்த்துப் போட்டு, புள்ளி அந்தக் காம்போ பக்கம் விழுகிறதா பாருங்கள்.

குறுகிய சந்துகளில் ஜிபிஎஸ் தடுமாறும். அப்போது சுவரிலுள்ள 'பெர் ரியால்தோ' (ரியால்தோ பாலத்துக்கு வழி), 'பெர் சான் மார்க்கோ' (சான் மார்க்கோ சதுக்கத்துக்கு வழி) மஞ்சள் பலகைகளே துணை. பெட்டி கனமென்றால் வழியில் எத்தனை பாலம் என்றும் கேளுங்கள், பெரும்பாலும் படிக்கட்டுதான்.