ஜெய்ப்பூர் போகிறீர்களா? "எல்லா டிக்கெட்டும் சேர்த்து" என்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்

கேள்வி: டிசம்பரில் மாமனார், மாமியாரோடு ஐந்து பேராக ஜெய்ப்பூர் போகிறோம். மூன்று நாள் தங்கல். வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஓட்டுநர் ஒருவர் கார், கைடு, எல்லா நுழைவுச்சீட்டும் சேர்த்து ஒரு தொகை சொல்கிறார். மற்ற இடங்களில் காருக்கு மட்டுமே அதைவிட அதிகம் கேட்கிறார்கள். முன்பணம் அனுப்பலாமா? மாமியாருக்கு முழங்கால் வலி. ஆம்பேர் கோட்டைக்கு அவரைக் கூட்டிப்போக முடியுமா?

பதில்: பணம் அனுப்பாதீர்கள். மாமியாரைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள்.

டீசலுக்கே கட்டாத தொகையில் கைடும் டிக்கெட்டும் எப்படி வரும்? மிச்சத்தைக் கடைக்காரர் கொடுப்பார். கடைக்காரருக்கு நீங்கள் கொடுப்பீர்கள். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

முதலில் அந்த "எல்லா டிக்கெட்டும்" என்ன என்று பார்ப்போம். ராஜஸ்தான் அரசு 'காம்போசிட் டிக்கெட்' என்று ஒன்று விற்கிறது. ஆம்பேர், ஜந்தர் மந்தர், ஹவா மஹால், ஆல்பர்ட் ஹால், நாஹர்கர் ஆகிய இடங்களுக்கு அது ஒன்றே போதும். இரண்டு நாள் செல்லும். முதலில் எங்கே போகிறீர்களோ அந்தக் கவுன்டரிலேயே நீங்களே வாங்கிக்கொள்ளலாம். இணையத்தில் வாங்குவதானால் முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். ஆனால் சிட்டி பேலஸ் இதில் இல்லை. ஜெய்கர் கோட்டையும் இல்லை. ஜந்தர் மந்தரிலிருந்து சிட்டி பேலஸ் நடந்துபோகிற தூரம்தான். ஒன்று அரசுடையது, மற்றது அரச குடும்பத்தின் அறக்கட்டளையுடையது. வயதானவர்கள் ஒரு வரிசையில் நின்று, உள்ளே போகப் பார்த்து, "இது செல்லாது" என்று கேட்டு, அடுத்த வரிசைக்குப் போகிறார்கள். இதைக் கவுன்டருக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதி வைக்க என்ன செலவாகிவிடும் என்று எனக்குப் புரிவதில்லை. இப்படிக் குழம்புகிறவர்களை நம்பித்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். அந்த ஓட்டுநரிடம், "சிட்டி பேலஸும் அடக்கமா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் மழுப்பினால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மதிலுக்குள் இருக்கிற நகருக்கு உங்களுக்குக் காரே வேண்டாம். 1727இல் இரண்டாம் சவாய் ஜெய் சிங் கோடு போட்டுக் கட்டிய ஊர் அது. மேற்கே சாந்த்போல் வாசலில் தொடங்கும் சாலை வளையாமல் கிழக்கே சூரஜ்போல் வரை ஓடுகிறது. அதன் அடியில் இப்போது மெட்ரோ போகிறது. ரயில் நிலையத்திலிருந்து ஏறி படீ சௌபடில் இறங்கினால் ஹவா மஹால் பக்கத்திலேயே. காரில் போனால் அதே தூரத்துக்கு ஹாரன் சத்தத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மதில் எங்கே என்று மட்டும் தேடாதீர்கள். பல இடங்களில் கடைகளும் வீடுகளும் அதை மறைத்துவிட்டன. கண்ணில் படுவது வாசல்கள்தான்.

ஹவா மஹாலுக்குப் படத்தில் பார்க்கிற முகப்பில் வாசல் கிடையாது. பின்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். முகப்புக்கு எதிரே நீங்கள் படமெடுக்கும்போது ஒரு இளைஞர் வருவார். "மாடியிலிருந்து எடுத்தால் முழுசாக விழும், காசு வேண்டாம்" என்பார். படம் நன்றாகவே விழும். இறங்குகிற வழி மட்டும் கடைக்குள்ளாக இருக்கும். தேநீர் வரும், ரஜாய் எனப்படும் பஞ்சுப் போர்வை ஒன்று விரியும், அதன் மேல் இன்னொன்று விரியும், உங்கள் மாமனாருக்கு எழுந்திருக்கக் கூச்சமாகிவிடும். கூச்சப்படாமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

"இன்று அரண்மனை மூடல், அதற்குள் அரசு எம்போரியம் பார்த்துவிடலாம்" என்பது இன்னொரு பழைய பாட்டு. மூடலா இல்லையா என்பதை வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தான் அரசின் கைவினைக் கடையின் பெயர் ராஜஸ்தலி; எம்.ஐ. ரோட்டில் இருக்கிறது. 'அரசு அங்கீகாரம்' என்று எழுதிக்கொள்ளப் பலகையும் பெயின்ட்டும் போதும்.

நகை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜோஹரி பஜாரில் யாருடைய மனமும் அசையும். தங்க நகை என்றால் ஹால்மார்க் முத்திரையும், எச்.யு.ஐ.டி. எனப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்தக் குறியீட்டைப் போட்டுப் பார்க்கலாம். இது தெரிந்துகொண்டு தைரியமாகப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். காரணம், குந்தன், போல்கி, ஜடாவ் எனப்படும் கல் பதித்த நகைகளுக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு உண்டு. ஜெய்ப்பூருக்குப் போய் மக்கள் ஆசைப்படுவதோ குந்தனுக்குத்தான்! எது அந்த ஊரின் பெயரைச் சொல்லி விற்கிறதோ, அதற்கு முத்திரை கட்டாயமில்லை என்று சட்டம் சொல்கிறது. குந்தன் நகையின் உள்ளே அரக்கு நிரப்பியிருக்கும், மேலே கல் இருக்கும். தராசு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். அதனால் பில்லில் தங்கத்தின் நிகர எடை, அதன் தரம், கல்லின் எடை, கல் அசலா கண்ணாடியா என்பது தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். எழுத மறுத்தால் வாங்காதீர்கள். அழகுக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால், அதைத் தங்கமாக எண்ணாமல் கைவேலைக்கு என்ன விலை தருவீர்களோ அதைக் கொடுங்கள்.

"இந்தக் கற்களை இங்கே மொத்த விலைக்கு வாங்கி உங்கள் ஊரில் மூன்று மடங்குக்கு விற்கலாம்" என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு படித்தவராகத் தெரிந்தாலும், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இனி ஆம்பேர். நகரிலிருந்து வடக்கே சுமார் 11 கிலோமீட்டர். கீழேயிருந்து பின்வழியாக ஜீப் மேலே போகிறது. மாமியாருக்கு அதுதான் சரி. யானை வேண்டாம், அம்பாரியில் ஏறுவதும் இறங்குவதுமே முழங்காலுக்குப் பாடு. ஜீப் விட்ட பிறகு ஜலேப் சௌக் என்ற முன்முற்றத்திலிருந்து திவானி ஆம் முற்றத்துக்கு ஒரு வரிசைப் படி ஏறித்தான் ஆக வேண்டும். மெதுவாக ஏறட்டும். கணேஷ் போல் வாசலைத் தாண்டினால் ஷீஷ் மஹால் என்ற கண்ணாடி மாளிகை முற்றத்தின் தளத்திலேயே இருக்கிறது. அதற்குப் பின்னால் மான்சிங்கின் பழைய மாளிகையை இளையவர்கள் பார்த்துவரட்டும். கூட்டமும் வெயிலும் சேர்வதற்குள் காலையிலேயே போங்கள்.

கோவிந்த் தேவ்ஜி கோயிலுக்குக் கட்டணம் இல்லை. ஓட்டுநருக்குக் கமிஷனும் இல்லை, அதனால் அவராகச் சொல்ல மாட்டார். நாள் முழுவதும் திறந்திருக்காது. ஜாங்கி எனப்படும் தரிசன நேரங்களை ஹோட்டலில் கேட்டுக்கொண்டு போங்கள்.

மூன்றாம் நாள் ஆக்ரா பக்கம் சுமார் 95 கிலோமீட்டர் தள்ளி ஆபானேரி ஊரின் பழைய படிக்கிணறான சாந்த் பாவ்ரிக்குப் போகலாம். ஏறக்குறைய 3,500 படிகள். பயப்பட வேண்டாம், யாரையும் இறங்க விடுவதில்லை, மேலேயிருந்து பார்ப்பதுதான்.

ஆம்பேருக்கு ஒரு நாள், ஆபானேரிக்கு ஒரு நாள், அவ்வளவுதான் உங்களுக்குக் கார் வேலை. ஹோட்டல் மூலமாகவோ செயலியிலோ அமர்த்துங்கள். 'வழியில் எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது' என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்குங்கள். மீதிப் பணத்தை மாலையில் ஹோட்டல் வாசலில் இறங்கிய பிறகு கொடுங்கள்.