எப்போதாவது ஒரு துண்டு தோசை

கேள்வி: எங்கள் நாய்க்கு 2 வயது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் போதும், காலைச் சுரண்டிக் குரைக்கிறது. முன்பு தினமும் ஏதாவது போடுவோம். இப்போது நிறுத்திவிட்டோம். மாமனார் மட்டும் மனசு கேட்காமல் எப்போதாவது ஒரு துண்டு தோசை போடுவார். தொல்லை குறையவே இல்லை, கூடியிருக்கிறது. இரண்டு அடி போட்டால் சரியாகுமா?
- வாசகி, திருச்சி

பதில்: அடிக்க வேண்டாம். அந்த ‘எப்போதாவது’தான் வினை.

1930-களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எலிகளைப் பெட்டிக்குள் விட்டு, நெம்புகோலை அழுத்தினால் தீனி உருண்டை விழும்படி வைத்திருந்தார். உருண்டைகளை அவரேதான் தயாரிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை பார்த்தால், கையிருப்பு திங்கட்கிழமைக்குள் தீர்ந்துவிடும் போலிருந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்று நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைத்தார். எலிகள் சளைக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தன! அப்புறம் ஃபெர்ஸ்டர் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து புறாக்களை வைத்து இதை விரிவாக ஆராய்ந்து 1957-இல் வெளியிட்டார். பொத்தானை இத்தனை தடவை கொத்தினால் ஒரு தீனி என்று கணக்கு மாறாமல் இருந்தால், தின்றதும் புறா கொஞ்சம் ஓய்வெடுக்கும். எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்றே தெரியாவிட்டால் ஓய்வு கிடையாது, விடாமல் கொத்தும்.

தினமும் கிடைத்தது நின்றால் நாய்க்குச் சட்டென்று புரியும். எப்போதாவது கிடைத்துப் பழகிய நாய்க்கு, இன்று கிடைக்காததும் வழக்கம்தான். நாளைக்குக் கிடைக்கலாம் அல்லவா? லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் நிறுத்தாததும் இதனால்தான்.

ஆகவே மேஜையிலிருந்து இனி ஒரு துண்டுகூடப் போகக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இதே சட்டம். முதல் சில நாட்கள் குரைப்பு இன்னும் பலமாகலாம். அங்கேதான் பலரும் தோற்றுப்போகிறார்கள். அப்போது பொறுக்காமல் போட்டுவிட்டால், பலமாகக் குரைத்தால்தான் கிடைக்கும் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

இதே உத்தியை உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். மூலையில் ஒரு சாக்கை விரித்து, நாய் அதில் படுக்கும்போதெல்லாம் அங்கேயே தீனி கொடுங்கள். பழகிய பிறகு இரண்டு தடவைக்கு ஒன்று, நாலு தடவைக்கு ஒன்று என்று ஒழுங்கில்லாமல் குறையுங்கள். இப்போது ‘எப்போதாவது’ உங்கள் பக்கம் வேலை செய்யும்.

தீனி போடும் பொறுப்பை மாமனாரிடமே கொடுத்துவிடுங்கள், அவருக்கும் மனசு ஆறும். வெறும் தோசையாக இருக்கட்டும். சாம்பாரில் தொட்டது வேண்டாம். வெங்காயம் நாய்க்கு ஆகாது.