பெண்கள் பள்ளியா, இருபாலர் பள்ளியா? டீச்சரிடம் கேட்டவை

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பெண்கள் பள்ளி, ஆண்கள் பள்ளி, இருபாலர் பள்ளி மூன்றிலும் பாடம் எடுத்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். இது சேர்க்கை நேரம். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகள் சேர்ந்து படிக்கட்டும் என்கிற கட்சி.

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அப்பா: டீச்சர், பொண்ணு எங்க ஊர் நடுநிலைப் பள்ளியில எட்டாவது முடிச்சிருக்கு. மூணு கிலோமீட்டர்ல இருபாலர் உயர்நிலைப் பள்ளி. டவுன்ல பெண்கள் பள்ளி, அதுக்கு ரெண்டு பஸ் மாறணும். "வயசுக்கு வந்த புள்ளைய பசங்களோட உக்கார வைக்காதே"ன்னு எங்க அக்கா ஒத்தக் கால்ல நிக்குது. என்ன செய்யட்டும்?

இத்தனை வருஷம் அந்தப் பசங்களோடுதானே படித்தாள்? ஒரு கோடை லீவில் பசங்கள் மாறிவிடவில்லை. நாம் அவளைப் பார்க்கிற பார்வைதான் மாறியிருக்கிறது. "இனிமேல் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவள், அவன்கள் நீ பார்த்துப் பயப்பட வேண்டியவன்கள்" என்று பள்ளியை மாற்றியே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்.

அக்காவிடம் பஸ்ஸைப் பற்றிப் பேசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரெண்டாவது பஸ் வராமல் போனால் வீடு வந்து சேர இருட்டிவிடும். நான் பார்த்த வரையில் பெண் பிள்ளைகளிடம் வம்பு பண்ணுகிறவன் பஸ்ஸிலும் பஸ் ஸ்டாப்பிலும்தான் இருக்கிறான். கூடப் படிக்கிறவன் வம்பு பண்ணினால் அவன் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் நமக்குத் தெரியும், கூப்பிட்டுக் கேட்கலாம். மூணு கிலோமீட்டர் சைக்கிளில் போய்விடுவாள்.

ஆனால் முடிவு பண்ணுவதற்கு முன்னால் ஒருநாள் மதிய இடைவேளையில் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? பெண் ஆசிரியர்கள் எத்தனை பேர்? விளையாட்டு பீரியடில் மைதானத்தில் பெண்கள் இருக்கிறார்களா, மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்களா? தாழ்ப்பாள் இல்லை, கேட்டால் தலைமையாசிரியர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்றால் பேசாமல் டவுனுக்கே அனுப்புங்கள். கொள்கைக்காகப் பிள்ளையைக் கஷ்டப்படுத்தச் சொல்ல மாட்டேன்.

கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா: ஒவ்வொரு வருஷமும் ப்ளஸ் டூ ரிசல்ட்டில் பெண்கள் பள்ளிகள்தானே முன்னால் நிற்கின்றன? பிறகு எதற்கு மாற்ற வேண்டும்?

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 2025 ப்ளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16 சதவீதம். தமிழ்நாட்டில் பெண் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தாலும் பையன்களைவிடக் கூடுதலாகத் தேறுகிறார்கள். அப்படியானால் பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளியின் சதவீதம் மேலே இருக்கும், இருவரும் படிக்கிற பள்ளியின் சதவீதம் நடுவில் இருக்கும். கட்டடத்துக்கு அதில் பங்கில்லை. ஒப்பிட வேண்டுமென்றால் இங்கே படிக்கிற பெண்ணை அங்கே படிக்கிற பெண்ணோடு, அதே மாதிரி வீட்டிலிருந்து வருகிற பெண்ணோடு ஒப்பிட வேண்டும்.

அதே ரிசல்ட் அறிக்கையில் ஆண்கள் பள்ளி என்றொரு வரியும் வரும். வழக்கமாக மூன்றில் கடைசி அதுதான். தனியாகப் படித்தால் கவனம் சிதறாது என்கிற வாதம் அந்த வரியை மட்டும் ஏனோ கண்டுகொள்வதில்லை. (ஆண்கள் பள்ளி ஆசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஃபீஸ் கட்ட முடிகிற வீட்டுப் பையன் உங்களிடம் வருவதில்லை என்பது எனக்கும் தெரியும்.)

தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஆண் மூளை, பெண் மூளை வேறு வேறு, அதனால் கற்பிக்கும் முறையும் வேறாக இருக்க வேண்டும் என்கிறார்களே, மேடம்?

2011-இல் 'சயின்ஸ்' இதழில் உளவியல் அறிஞர்கள் சிலர் சேர்ந்து, ஆணையும் பெண்ணையும் பிரித்துப் படிக்க வைப்பதற்கு மூளை அறிவியலில் ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். 2014-இல் 21 நாடுகளில் 184 ஆய்வுகள், ஏறத்தாழ 16 லட்சம் மாணவர்கள் என்று மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தார்கள். வீட்டு வசதி, நுழைவு முறை போன்றவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்த நல்ல ஆய்வுகளில், ஆண், பெண் என்று பிரித்த தனிப்பள்ளிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான லாபம் தெரியவில்லை.

எதிர்த்தரப்பிலும் ஒரு நல்ல ஆய்வு உண்டு, மறைக்க மாட்டேன். தென் கொரியாவில் சோல் நகரத்தில் மேல்நிலைப் பள்ளியைக் குலுக்கல் முறையில்தான் ஒதுக்கிவந்தார்கள். அதை வைத்து 2013-இல் வந்த ஆய்வில் தனிப்பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண்ணிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் முன்னால் இருந்தார்கள். அதனால் "தனிப்பள்ளியில் மார்க் குறையும்" என்று நான் வாதாடவே மாட்டேன். மார்க்கைத் தாண்டி பள்ளி என்ன சொல்லிக்கொடுக்கிறது என்பதுதான் என் கவலை.

பாபநாசம் பக்கத்தில் பணியாற்றும் ஓர் ஆசிரியை: எங்களுடையது இருபாலர் பள்ளிதான். ஆனால் பையன்கள்தான் கத்திப் பதில் சொல்கிறார்கள், பெண்கள் வாயே திறப்பதில்லை. இதற்குப் பெண்கள் பள்ளியே மேல் என்று தோன்றுகிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். நம் ஊர் இருபாலர் பள்ளிகளில் பாதி, ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இரண்டு பள்ளிகள். இந்தப் பக்க பெஞ்சு பையன்கள், அந்தப் பக்கம் பெண்கள், நடுவில் ஆசிரியர் நடக்கிற பாதை. பிரேயரில் தனி வரிசை, சாப்பாட்டில் தனி வரிசை. வகுப்பைப் பெருக்கி, போர்டு துடைத்து, விருந்தாளி வந்தால் தட்டு ஏந்தி நிற்பது பெண்கள். பெஞ்சு தூக்க, மைக் செட் கட்டப் பையன்கள். லீடர் அவன், துணை லீடர் அவள்.

ஒருநாள் கெமிஸ்ட்ரி லேபில் நின்று கவனியுங்கள். டைட்ரேஷன் நடக்கும், ஒரு கரைசலை நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கிற சோதனை. பியூரெட் குழாயைத் திருகுவது, நிறம் மாறியதும் "மாறிடுச்சு, மாறிடுச்சு" என்று கூவுவது பையன். ரீடிங்கை அழகாக அப்சர்வேஷன் நோட்டில் எழுதுவது பெண். ரெக்கார்டுக்கு அவளுக்குத்தான் அதிக மார்க் கிடைக்கும். ஆனால் குழாயை எவ்வளவு மெதுவாகத் திருக வேண்டும் என்பது அவன் விரலுக்குத்தான் தெரியும். நான் செய்தது சின்ன மாற்றம்தான்: ஒவ்வொரு வாரமும் கையும் நோட்டும் இடம் மாற வேண்டும், மாறாத குழுவுக்குக் கையெழுத்துக் கிடையாது. முதல் மாதம் பையன்களின் கையெழுத்தைப் படிக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

வகுப்பில் கேள்வி கேட்டால் உடனே கை தூக்குகிறவனைக் கூப்பிடாதீர்கள். கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். பிறகு வருகைப் பதிவேட்டில் ஏதோ ஒரு பெயரைக் கூப்பிடுங்கள். இடத்தை உயரத்தை வைத்தோ எண்ணை வைத்தோ மாற்றுங்கள். அமெரிக்காவில் 2010-இல் வந்த ஓர் ஆய்வு இது: மழலையர் வகுப்பு ஆசிரியைகள் சிலர் இரண்டே வாரம் "பையன்களே, பெண்களே" என்று பிரித்துக் கூப்பிட்டு, பிரித்து வரிசையில் நிற்கவைத்தார்கள். அதற்குள்ளேயே "இது பையன் வேலை, இது பொண்ணு வேலை" என்கிற நினைப்பு அந்தக் குழந்தைகளிடம் கூடிவிட்டது, ஒருவரோடொருவர் விளையாடுவதும் குறைந்துவிட்டது. நாமோ பன்னிரண்டு வருஷம் பிரிக்கிறோம்.

மயிலாடுதுறையிலிருந்து, ஆண்கள் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்தவர்: அம்மா, தங்கச்சி தவிர வேறு பெண்ணிடம் பேசியதே இல்லை. கல்லூரியில் எப்படிச் சமாளிப்பது என்று பயமாக இருக்கிறது, டீச்சர்.

பயப்படாதே தம்பி, நிறைய பேருக்கு இருக்கிற பயம்தான். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். "சிஸ்டர்" என்று கூப்பிடாதே, பெயர் சொல்லிக் கூப்பிடு. தங்கச்சியாகவோ காதலியாகவோதான் ஒரு பெண் இருக்க முடியும் என்று யாரோ உனக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். இரண்டாவது, முதல் பேச்சு பாடத்தைப் பற்றி இருக்கட்டும். தெரியாத கணக்கைக் கேள். பெண்ணிடம் கேட்டால் கௌரவம் குறையாது.

வலங்கைமானிலிருந்து ஒரு தாத்தா: சேர்ந்து படித்தால் காதல் கீதல் என்று போய்விடாதா, அம்மா?

ஐயா, பெண்கள் பள்ளி விடுகிற நேரத்தில் வாசலுக்கு எதிரே பைக்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாள் பாருங்கள். தினமும் ஹோம் ஒர்க் காப்பியடிக்கிறவனை, திட்டு வாங்கி மூக்கைச் சிந்துகிறவனைப் பக்கத்தில் பார்க்கிற பெண்ணுக்கு அவன் ஹீரோவாகத் தெரிய மாட்டான். தொந்தரவு கொடுப்பது வேறு விஷயம். அது யார் செய்தாலும், ஆசிரியரே செய்தாலும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ கல்வி உதவி எண் 14417-க்கோ கூப்பிட வேண்டும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு விவசாயி: ஆம்பள வேலை, பொம்பள வேலைன்னு வயல்லயே பிரிஞ்சுதானே கெடக்கு. பள்ளிக்கூடம் என்னத்த மாத்திரும்?

நல்லாக் கேட்டீங்க. நடவு யார் வேலை? பொம்பள வேலைதானே? குனிந்து நாள் முழுக்கச் சேற்றில் நிற்க ஆம்பளைக்கு இடுப்பு ஒத்துக்காது என்பார்கள். நடவு இயந்திரம் வந்தது. அதில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் யார்? எங்கள் பக்கம் நான் பார்த்ததெல்லாம் ஆண்கள்தான். நடவு அதே நடவு, வயலும் அதே வயல். ஸ்டியரிங் வந்ததும் அது ஆம்பள வேலை ஆகிவிட்டது, கூலியும் அந்தப் பக்கம் போய்விட்டது. அது இயற்கை வகுத்த பிரிவினை இல்லை. ஸ்பானர் பிடிக்கப் பள்ளியிலேயே பழகிய பெண் நாளைக்கு அந்த இயந்திரத்தைக் கேட்பாள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர்: மகன் நர்சிங் படிக்கப் போகிறேன் என்கிறான்.

படிக்கட்டும்.

மன்னார்குடியிலிருந்து, பெண்கள் பள்ளியின் முன்னாள் மாணவி: நாங்கள் படித்து முன்னுக்கு வந்ததே பெண்கள் பள்ளியால்தான். அதை மறந்துவிடலாமா?

மறக்கவே கூடாது. பெண்ணை வெளியே அனுப்பாத வீடுகளை முதலில் இறங்கி வரச் செய்தவை அந்தப் பள்ளிகள்தான். ஆனால் நம் பக்கத்துப் புதுக்கோட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1886-இல் அங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சேர்ந்தது மகாராஜா ஆண்கள் கல்லூரியில். பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு வந்தது, மன்னர் அனுமதித்தார். பிற்பாடு முத்துலட்சுமி டாக்டரானார், சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவரும் ஆனார்.

ஆண், பெண் பாடத்திட்டத்தில் வேறுபாடு வேண்டாம் என்று 1960-களின் தொடக்கத்திலேயே மத்திய அரசு சார்பில் அமைந்த ஹன்சா மேத்தா குழு சொன்னது, பிறகு வந்த கோத்தாரி கல்விக் கமிஷன் ஏற்றுக்கொண்டது. ஆனால் இன்றும் பல பெண்கள் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவு என்றால் செவிலியம் அல்லது ஆடை வடிவமைப்பு, ஆண்கள் பள்ளிகளில் இயந்திரவியல். இயந்திரவியல் வேண்டும் என்கிற பெண் அந்த ஊரில் எங்கே போவாள்?

திருவாரூரிலிருந்து ஓர் ஆசிரியர்: அரசே உத்தரவு போட்டு எல்லாப் பள்ளிகளையும் இருபாலர் பள்ளியாக்கிவிடலாமே, மேடம்?

கேரளத்தில் குழந்தைகள் உரிமை ஆணையம் 2022 ஜூலையில் அப்படித்தான் உத்தரவிட்டது, 2023-24 முதல் ஆண், பெண் தனிப்பள்ளியே இருக்கக் கூடாது என்று. எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை, சார். ஆறாம் வகுப்பில் மட்டும் முதல் வருஷம் இருவரையும் சேருங்கள். அந்தப் பிள்ளைகள் ஏழு, எட்டு என்று ஏற ஏற பள்ளி தானாக மாறும். ப்ளஸ் ஒன்னில் திடீரென்று கலந்தால் இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டுதான் நிற்கும். ஆண்கள் பள்ளி என்றால் சேர்க்கைக்கு முந்தைய கோடையிலேயே பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டியிருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே கேட்பதுதான் அது. பிறகு, சேர்க்கையில் முதல் நாள் வருகிற பெண் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். அவர்களை ஒரே பெஞ்சில் மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள்.