தோப்பைச் சின்னமாக அறிவித்தால் தம்பி விற்க முடியாதா?

கேள்வி: திருவிடைமருதூர் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் தோப்பு இருக்கிறது. மா, பலா, இலுப்பை. ஓர் ஓரத்தில் அகத்திக்கு நடுவே வெற்றிலைக் கொடிக்கால். தாத்தா கிரயம் வாங்கியபோதே மரங்கள் காய்ப்பில் இருந்தனவாம். நூறு ஆண்டுக்குக் குறையாது. இன்றும் மாங்காய் குத்தகைக்குப் போகிறது. தாத்தா செட்டில்மெண்ட் எழுதி அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். இப்போது தம்பி மனை போடும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறான். பிரான்சில் பழைய திராட்சைத் தோட்டங்களைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள் என்று படித்தேன். எங்கள் தோப்பையும் அப்படி அறிவிக்கச் செய்தால் யாரும் விற்க முடியாதல்லவா? டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்பது உதவாதா? அம்மா என் பக்கம். தங்கை திருமணமாகித் திருச்சியில் இருக்கிறாள்.

பதில்: உங்கள் கடிதத்தில் தோப்புக்குப் பல வரிகள், தங்கைக்கு ஒரே வரி. இந்த வழக்கின் சாவி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. முதலில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நூறு ஆண்டுக் கணக்கை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தெரிகிறது. 1958-ஆம் ஆண்டின் மத்தியத் தொல்பொருள் சட்டம் தொன்மைச் சின்னத்துக்கு அந்த வயதைத்தான் கேட்கிறது. ஆனால் வயது மட்டும் போதாது. கட்டடம், குகை, கல்வெட்டு, பாறைச் சிற்பம், கல்லறை மேடு, அல்லது இடிபாடுகளும் தொல்லெச்சங்களும் புதைந்த இடம் என்பதே அந்தச் சட்டத்தின் பார்வை. காய்த்துக்கொண்டிருக்கும் மாமரம் அதற்குள் வராது. மாநிலத்தின் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணும் கல்லின் மீதுதான்.

வராதது உங்களுக்கு நல்லது என்றே சொல்வேன். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் சாகுபடி செய்யலாம், ஆனால் மேல்மண்ணில் ஓர் அடிக்கு மேல் தோண்டக் கூடாது என்கிறது மத்தியச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அதற்கு மேல் போனால் அனுமதி வேண்டும். மாங்கன்று வைக்க மூன்றடிக் குழி எடுப்பவர் நீங்கள். பட்ட மரத்தை அகற்றிப் புதுக்கன்று வைப்பதற்கும், கொடிக்காலைக் கலைத்து மறுபடி பாத்தி எடுப்பதற்கும் ஒவ்வொரு முறையும் மனு போட்டுவிட்டுக் காத்திருக்க முடியுமா? கோயில் மண்டபத்துக்குப் பொருந்தும் விதியைத் தோப்புக்குப் போட்டால் மிஞ்சுவது பெயர்ப்பலகைதான்.

நீங்கள் படித்தது செயின்ட் எமிலியன் பற்றியதாக இருக்கும். அங்கே எட்டு ஊர்களின் திராட்சை நிலத்தை ஒட்டுமொத்தமாக, உழைப்பு நடக்கும் நிலவெளியாக, 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தனி ஒருவரின் தோட்டத்துக்குக் கொடுத்த பட்டம் அல்ல அது. தோட்டங்கள் இன்றும் அங்கே கைமாறுகின்றன. விலைதான் சாமானியர் நெருங்க முடியாதபடி இருக்கிறது. பட்டம் வந்தால் விற்பனை நிற்கும் என்பது அந்த ஊரிலேயே உண்மையில்லை.

நம் நாட்டில் இதற்கு மிக நெருங்கி வருவது 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு. உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். இந்தியாவில் முதன்முதலில், 2007-இல், அந்தத் தகுதி பெற்றது எது தெரியுமா? பெங்களூரு அருகே தேவனஹள்ளியை அடுத்த நல்லூரின் பழைய புளியந்தோப்பு! மலையோ காடோ அல்ல. மனிதர் நட்டு வளர்த்த மரங்கள். தமிழ்நாட்டில் 2022-இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி முதலில் வந்தது. ஆகவே உங்கள் ஆசை வீண் கனவு இல்லை. ஆனால் ஐந்து ஏக்கர் பட்டா நிலத்துக்கு, அதுவும் பங்காளிகளுக்குள் தகராறு இருக்கும்போது, அரசு இதைச் செய்யும் என்று நான் நம்பவில்லை. இதே பிரிவு, அறிவிப்பால் பொருளாதார ரீதியாகப் பாதிக்கப்படுவோருக்கு இழப்பீட்டுத் திட்டம் வகுக்கவும் சொல்கிறது. உங்கள் தம்பி முதல் ஆளாக வந்து நிற்பார்.

இதில் கைக்கெட்டும் ஒன்று உண்டு. உங்கள் உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் விண்ணப்பித்து, தோப்பையும் அதிலுள்ள இரகங்களையும் மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் ஏற்றுங்கள். விற்பனையை அது தடுக்காது. குழி தோண்டவும் தடை வராது. பிற்காலத்தில் சாலைக்கோ வேறெதற்கோ நிலம் கேட்டு யாரேனும் வந்தால் கையில் ஓர் ஆவணம் இருக்கும். வேறெங்கும் இல்லாத மா இரகம் ஒன்று உங்களிடம் இருந்தால், 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்புச் சட்டத்தில் உழவர் இரகமாகப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் கிடைத்த புவிசார் குறியீடு வெற்றிலையின் பெயரைக் காக்கும். கொடிக்கால் மண்ணைக் காக்காது.

வேளாண் மண்டலச் சட்டத்தையும் பார்த்துவிடலாம். 2020-இல் வந்த அந்தச் சட்டம் தடுப்பது உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை, எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் போன்றவற்றை. வீட்டு மனையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும்; வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றவும் அனுமதி வேண்டும். அந்த இரண்டு இடத்திலும் இப்போதே ஆட்சேபணை மனு கொடுத்து வைக்கலாம். ஒப்புதல் இல்லாத மனையைப் பதிவு செய்வதற்குப் பதிவுச் சட்டத்தில் தடை இருக்கிறது.

இனி உண்மையான பிரச்சினை. தாத்தா செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்ததால், பத்திரத்தில் வேறு நிபந்தனை இல்லையென்றால், தோப்பு அப்பாவின் தனிச் சொத்து. அவர் உயில் இல்லாமல் இறந்ததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி, தங்கை ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. கல்யாணமாகிப் போனவள் என்ற பேச்சு இங்கே எடுபடாது. அவருடைய கால் பங்கும் உங்களுடைய கால் பங்கும் ஒரே எடை.

தம்பி முழுத் தோப்பையும் விற்க முடியாது. பிரிக்கப்படாத தன் பங்கை விற்கலாம். வாங்கியவர் நாளை பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் வருவார். ஆனால் அதற்கு முன்பே உங்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது. அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி முதல் வகுப்பு வாரிசுகளில் (மனைவி, பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினரில்) ஒருவர் தன் பங்கை விற்க முனைந்தால், அதை வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. விலையில் ஒத்துப்போகவில்லை என்றால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் புரட்டத்தான் வேண்டியிருக்கும். அந்தச் செலவில்லாமல் தோப்பைக் காப்பாற்றும் பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை.

தங்கை விஷயம் இங்கே வருகிறது. பாகப்பிரிவினை வழக்கு நடக்கும்போது, சொத்தைத் துண்டு போடுவது பொருத்தமில்லை என்று நீதிமன்றம் கருதினால், பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்கள் கேட்கும்போது முழுவதையும் விற்றுப் பணத்தைப் பிரிக்க உத்தரவிடலாம். 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம், 2-ஆம் பிரிவு. தம்பியிடம் இருப்பது கால்தான். தங்கையும் சேர்ந்தால் அரை. அந்த நிலையிலும் 3-ஆம் பிரிவின்படி மதிப்பீட்டு விலைக்கு அவர்கள் பங்கை நீங்களே வாங்கக் கேட்கலாம். ஆனால் ஒரு பங்குக்குப் பதில் இரண்டுக்குப் பணம் தேட வேண்டும். இத்தனை ஆண்டு மாங்காய்க் குத்தகைப் பணத்தில் தங்கைக்கு எவ்வளவு போனது? ஒன்றும் போகவில்லை என்றால், திருச்சிக்கு வெறும் கையோடு போகாதீர்கள்.

நால்வரும் ஒத்துவந்தால் தோப்பை நிரந்தரமாகக் கட்டிக் காக்க டெல்டாவில் பழைய வழி ஒன்று இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறம் என்று கோயில் நந்தவனத்துக்கு விட்ட நிலங்களைப் பார்க்கலாம். இன்றும் ஒரு பகுதியை, உதாரணமாகக் கோயில் விளக்கேற்றும் எண்ணெய்க்கு என்று இலுப்பை வரிசையை, கட்டளையாக, அதாவது கோயில் காரியத்துக்கான அறக்கொடையாக, எழுதி வைக்கலாம். எழுதியபின் அது உங்களுடையது அல்ல, அறநிலையத் துறைச் சட்டத்துக்குள் போய்விடும். இதில் அவசரப்படாதீர்கள்.

செட்டில்மெண்ட் பத்திரம், அதற்கு முந்தைய கிரயப் பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பழைய அடங்கல் (நிலத்தில் இருக்கும் பயிரையும் மரத்தையும் குறிக்கும் கிராமக் கணக்கு) நகல் ஆகியவற்றை எடுங்கள். அடங்கலில் எந்த ஆண்டிலிருந்து மரங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் 1959 ஜூலை 1-க்குள் தோப்பாக்கப்பட்ட நிலத்துக்கு விலக்கு அளித்தது. தாத்தாவுக்கு வேறு நிலங்களும் இருந்து, அந்த விலக்கைக் கேட்டிருந்தால், தோப்பின் வயதுக்கு அரசுக் கோப்பே சாட்சி.

தம்பிக்கும், பெயர் தெரிந்தால் மனை போடுபவருக்கும், வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு இந்த வாரமே பட்டுவாடாச் சான்றுடன் விரைவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். முன்பணம் கைமாறி ஒப்பந்தம் பதிவான பிறகு போவதைவிட, அதற்கு முன்னால் போனால் தடையுத்தரவு கேட்பது எளிது. வழக்குப் போட்டபின் தம்பி விற்றாலும், வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. இதையும் நோட்டீஸில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மனை வியாபாரிகள் அந்த வரியைக் கவனமாகப் படிப்பார்கள்.