மூளை நாளங்களின் கசிவை அடைக்க ஊசி உண்டா?

களுவாஞ்சிகுடி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மூளைக்காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய அவருடைய தாயாருக்கு மூளை இரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியும் கசிவும் இருந்ததாம். கசிவை அடைக்கக் கலங்களை ஊசியாக ஏற்றும் சிகிச்சை இந்தியாவில் உண்டு, முற்பணம் தந்தால் அழைத்துச் செல்கிறேன் என்கிறாராம் ஒருவர். தாயார் நீரிழிவுக்காரர் என்பதால், வீக்கத்துக்குத் தந்த ஸ்டீரொயிட் குளிசையை நிறுத்தலாமா என்றும் கேட்கிறார்.

முற்பணம் கொடுக்க வேண்டாம். குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

மூளையின் நுண்குழாய்களின் உட்சுவர்க் கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, மூளைக்கு வேண்டியதை மட்டும் குருதியிலிருந்து உள்ளே விடுகின்றன. அவை வெறும் சுவர் அல்ல. கிருமியின் தடயமோ அழற்சியைத் தூண்டும் புரதமோ பட்டதும், ஒட்டும் தன்மையுள்ள புரதங்களை மேற்பரப்பில் நீட்டி, குருதியோடு ஓடும் வெண்குருதிக் கலங்களைப் பிடித்து மூளைக்குள் செல்ல வழிவிடுகின்றன. பிணைப்புத் தளர்வதால் நீரும் கசிந்து வீக்கம் உண்டாகிறது. ஆகவே உங்கள் தாயாரின் கசிவு தனியான நோயன்று. தொற்று அடங்கினால் பெரும்பாலும் அதுவும் தணியும். அதை மட்டும் அடைப்பதற்கென நிரூபிக்கப்பட்ட ஊசி எதுவும் இல்லை.

இந்தத் தரகர்கள் முதலில் கேட்பது நோயறி அட்டையின் படத்தை. அதிலுள்ள சொற்களையே திருப்பிச் சொல்லி நம்பவைப்பார்கள். மருந்தின் பெயரையும் வைத்தியரின் பதிவிலக்கத்தையும் எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். ஆங்கிலத்தில் எழுதிய அட்டையை நோயாளியின் கையில் திணித்துவிட்டு, தமிழில் இரண்டு நிமிடம் விளக்க ஆளில்லாமல் கிளினிக் நடத்தும் வரை இவர்களுக்குப் பிழைப்புக் குறையாது. இதை எத்தனை முறை சொல்வது!

ஸ்டீரொயிட் சீனியைக் கூட்டும் என்பது உண்மையே. ஆனால் வாரக்கணக்கில் எடுத்ததைத் திடீரென விட்டால், உடல் தானே சுரக்க வேண்டிய ஹோர்மோன் போதாமல் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிராபத்து நேரலாம். சில நாட்களுக்கு மட்டும் தந்த குளிசையைப் படிப்படியாகக் குறைக்காமலே நிறுத்துவதுண்டு. அதுவும் அட்டையில் வைத்தியர் நாட்கணக்கை எழுதியிருந்தால் மட்டுமே. 'அடுத்த கிளினிக் வரை' என்றிருந்தால் அந்த விலக்கு உங்களுக்கில்லை, பக்கத்து வீட்டார் நிறுத்தி நலமாயிருந்தாலும் இல்லை. சீனியை அடிக்கடி பார்த்து, கூடினால் நீரிழிவு மருந்தின் அளவை மாற்றித் தரும்படி கேளுங்கள்.

மீண்டும் காய்ச்சல், வாந்தியோடு தலையிடி, வலிப்பு, நினைவு மங்கல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் 1990 இலவச அம்புலன்ஸை அழைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நோயறி அட்டையும் குளிசைப் பையும் கையோடு இருக்கட்டும்.